வரித் திணைக்களத்தின் கடிதம்: பழிவாங்கலா, வழக்கமான விசாரணையா?

கேள்வி: ஐயா, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஆறு வருடமாக ஓர் உரிமை அமைப்பை நடத்தி வருகிறோம். ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கு வராமல் கிடக்கும் ஊழியர் சேமலாப நிதி, லயத்தில் இருப்பவர்களுக்குக் காணி உறுதி, இந்த இரண்டும்தான் எங்கள் வேலை. பிரதேச செயலகத்தில் சமூக சேவை அமைப்பாகப் பதிந்திருக்கிறோம். ஒரு வெளிநாட்டு மன்றம் நிதி தருகிறது. கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளும் முடிந்ததை அனுப்புகிறார்கள். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்பு வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்கார வைத்து சேமலாப நிதி பற்றிக் கேள்வி கேட்டோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. ஐந்து வருடக் கணக்கு, வங்கிக் கூற்று, நன்கொடை தந்தவர்களின் பட்டியல் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் ஓர் உத்தியோகத்தர் போன் எடுத்து, கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள் எந்தக் கட்சி என்று விசாரித்தார். ஒரு பெரிய தொழிற்சங்கத்துக்கு நெருக்கமான இன்னோர் அமைப்பும் எங்கள் நகரத்தில் இருக்கிறது. அவர்களுக்கு எந்தக் கடிதமும் வரவில்லையாம். பொருளாளர் பயந்துபோய் விலகப் போகிறேன் என்கிறார். இது அரசியல் பழிவாங்கல்தானே? கணக்கைக் கொடுக்க மறுக்கலாமா? பத்திரிகைக்குப் போகலாமா?
- செயலாளர், ஊவா

பதில்:

அன்புள்ள தம்பி,

கணக்கைக் கொடுக்க மறுக்காதீர்கள். உங்கள் கேள்விகளில் இது ஒன்றுக்குத்தான் யோசிக்காமல் பதில் சொல்ல முடியும். கணக்கு கேட்கும் அதிகாரம் திணைக்களத்தின் தலைவரான ஆணையாளர் நாயகத்துக்குச் சட்டப்படி இருக்கிறது. மறுத்த மறுநாளே பேச்சு திசை மாறிவிடும். திணைக்களம் உங்களை எப்படி நடத்தியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் எதை மறைக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் கடிதத்தில் கேட்ட கணக்கும் போனில் கேட்ட கட்சி விவரமும் ஒன்றல்ல. இரண்டையும் சேர்த்து ஒரே கோபமாகப் பார்க்கிறீர்கள். கடிதத்துக்கு முழுமையாகப் பதில் கொடுக்க வேண்டும். போன் கேள்விக்கு அப்படிப் பதில் கொடுக்கக் கூடாது. உங்கள் சந்தேகம் நியாயமானதாக இருக்கலாம். அதை நிலைநாட்டும் வழி கடிதத்தில் இல்லை, அந்தப் போன் அழைப்பிலும் பக்கத்து அமைப்போடு செய்யும் ஒப்பீட்டிலும்தான் இருக்கிறது.

முதலில் வரி. மலையகத்தில் நான் கணக்குப் பார்க்கும் சிறிய அமைப்புகள் பலவற்றுக்கு இது தெரியவே தெரியாது. லாபம் இல்லை, அதனால் வரி இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரச சார்பற்ற நிறுவனம் ஒன்று ஒரு வரிமதிப்பீட்டு ஆண்டில் மானியமாகவோ நன்கொடையாகவோ பெறும் மொத்தத் தொகையில் 3 சதவீதத்தை அதன் இலாபமாகக் கருத வேண்டும் என்கிறது. அந்த 3 சதவீதத்துக்கு வரி கட்ட வேண்டும். இப்போது வீதம் 30 சதவீதம். உங்களுக்கு ஒரு வருடத்தில் 40 இலட்சம் ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 சதவீதம் 1,20,000 ரூபாய். அதற்கு 30 சதவீதம் வரி 36,000 ரூபாய். வங்கி வட்டி போல வேறு வருமானம் இருந்தால் அது தனிக் கணக்கு. வரிமதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த ஆண்டின் வருமானத்தையும் வரியையும் காட்டும் விவரத்திரட்டை அதற்குப் பின் வரும் நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும்.

இந்த விதி நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஏழைகளுக்காக வந்த காசை, செலவாகிறதா மிஞ்சுகிறதா என்று பார்க்காமல், வந்த கணத்திலேயே இலாபம் என்று கொள்வது சரியல்ல. ஆனால் இந்த விதி உங்களைக் குறிவைத்து எழுதப்பட்டதல்ல. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பிருந்தே எல்லா அமைப்புக்கும் இருந்து வருவது. இடம்பெயர்ந்தவர்களின் புனர்வாழ்வு, மனிதாபிமான நிவாரணம் போன்ற வேலைக்கு இந்த வரியைக் குறைக்கவோ விட்டுக்கொடுக்கவோ ஆணையாளர் நாயகத்துக்கு அதிகாரம் உண்டு. உரிமைக்காகக் குரல் கொடுக்கும் வேலைக்கு அப்படி ஒரு சலுகை இல்லை.

ஆகவே உங்களைப் பார்த்து நான் கேட்க வேண்டிய கேள்வி: அந்த ஐந்து வருடமும் விவரத்திரட்டு கொடுத்தீர்களா? வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுத்தீர்களா? இல்லையென்றால் பழிவாங்கல் என்று பேசுவதற்கு முன்னால் ஒரு கணக்காளரைப் பிடித்து நிலுவையைக் கணக்குப் போடுங்கள். நீங்களாகவே முன்வந்து கட்டுவது வேறு, அவர்கள் கண்டுபிடித்துக் கட்ட வைப்பது வேறு. தண்டப்பணமும் வட்டியும் இருக்கும், ஆனால் தாங்கமுடியாத தொகையாக இராது. பற்றுச்சீட்டுகளையும் பதிவேடுகளையும் ஐந்து வருடம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. அதனால் ஐந்து வருடம் கேட்டது மட்டும் அளவுக்கு மீறியது ஆகாது.

இனி அந்தப் போன். கூட்டத்துக்கு யார் வருகிறார்கள், நிர்வாகத்தில் இருப்பவர் எந்தக் கட்சி, இவற்றில் எதுவும் நீங்கள் கட்ட வேண்டிய வரியை ஒரு ரூபாயால்கூட மாற்றாது. வரி கணக்கிடத் தேவைப்படாத ஒன்றை வரி உத்தியோகத்தர் கேட்டால் அங்கேதான் உங்கள் புகார் ஆரம்பிக்கிறது. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் இவற்றோடு அரசியல் அபிப்பிராயத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அரசியல் அபிப்பிராயம் காரணமாக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. இது வெறும் ஏட்டுச் சொல் அல்ல. ஊழியர் சேமலாப நிதி கேட்டதற்காக ஒரு தோட்டத்து அமைப்பு பயப்பட வேண்டிய நிலை வந்தால், கைநீட்டிப் பிடித்துக்கொள்ள இருக்கும் பிடி இதுதான்.

போன் வந்த திகதி, நேரம், இலக்கம், பேசியவர் சொன்ன பெயர், கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். பக்கத்தில் இருந்து கேட்டவர் யாராவது இருந்தால் அவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு பணிவான கடிதம்: இந்தத் திகதியில் உங்கள் அலுவலகத்திலிருந்து பேசிய உத்தியோகத்தர் எங்கள் உறுப்பினர்களின் கட்சி பற்றியும் கூட்டத்துக்கு வருபவர்கள் பற்றியும் கேட்டார், அந்தத் தகவல் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் தேவைப்படுகிறது என்று எழுத்தில் அறியத் தந்தால் பதில் தருவோம். இதில் கோபமும் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். கேட்டது சரியென்றால் அவர்கள் பிரிவைக் காட்டுவார்கள். தவறென்றால் பெரும்பாலும் பதில் வராது. இரண்டில் எது நடந்தாலும் உங்கள் கோப்பில் ஒரு தாள் சேரும்.

நன்கொடையாளர் பட்டியல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காசு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது வரி வேலைதான். வெளிநாட்டு மன்றத்தோடு செய்த உடன்படிக்கை, வந்த தொகை, திகதி எல்லாவற்றையும் மறைக்காமல் கொடுங்கள். கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்து 1,000, 2,000 என்று அனுப்பும் பிள்ளைகள் விஷயத்தில், முதலில் பற்றுச்சீட்டு இலக்கம், திகதி, தொகை இவற்றோடு ஒரு பட்டியல் கொடுத்துப் பாருங்கள். தனிப் பெயர்கள் வேண்டும் என்று அவர்கள் எழுத்தில் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். வரி உத்தியோகத்தர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அதே சட்டம் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, அந்த நம்பிக்கையில் தருகிறோம் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பழிவாங்கல்தானா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரித் திணைக்களம் அரசியல் பார்த்ததா என்ற கேள்வியில் இவ்வளவு ஆழமாகத் தோண்டிப் பார்க்கப்பட்ட சம்பவங்கள் குறைவு.

அங்கே சமூக நலனுக்காக இயங்கும் அமைப்பு என்று ஒரு வரிவிலக்குப் பிரிவு இருக்கிறது. அதற்குள் வந்தால் அரசியல் ஓரளவு பேசலாம், நன்கொடையாளர் பெயரைப் பொதுவில் வெளியிடத் தேவையில்லை. ஆனால் அரசியலே முக்கிய வேலையாகிவிடக் கூடாது. எந்த அளவு வரை பேசலாம் என்பதற்குத் தெளிவான கோடு இல்லை. 2010 ஜனவரியில் அங்கத்தைய உச்ச நீதிமன்றம் தேர்தல் செலவு பற்றிய ஒரு வழக்கில் கம்பனிகளுக்கும் சங்கங்களுக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தக் காலத்தில் ஒபாமா அரசாங்கத்தை எதிர்த்து டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கம் ஊருக்கு ஊர் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் குழுக்கள் பல விலக்குக் கேட்டு விண்ணப்பித்தன. ஓஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகர அலுவலகத்தில் இருந்த வரி உத்தியோகத்தர்கள் அந்தக் கோடு எங்கே போடுவது என்று தெரியாமல் பெயரைப் பார்த்துப் பிரித்தார்கள். டீ பார்ட்டி, பேட்ரியட்ஸ் போன்ற சொற்கள் பெயரில் இருந்தால் அந்த விண்ணப்பம் தனியே எடுத்து வைக்கப்பட்டது.

2013 மே 10 அன்று, வரித் திணைக்களத்தில் இந்த விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான பிரிவின் தலைவி லோயிஸ் லேர்னர் ஒரு கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். நான்கு நாள் கழித்துத் திறைசேரியின் கண்காணிப்பாளர் அறிக்கை வெளிவந்தது. அரசியல் வேலை என்று ஒதுக்கப்பட்ட விண்ணப்பங்களில் 296ஐ அவர்கள் பார்த்திருந்தார்கள். 108 அங்கீகரிக்கப்பட்டிருந்தன. 28ஐ விண்ணப்பித்தவர்களே திரும்பப் பெற்றுவிட்டார்கள். மிச்சம் 160உம் முடிவில்லாமல் கிடந்தன, குறைந்தது 206 நாள், கூடியது 1,138 நாள். மறுக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும், தம்பி. அங்கே அநியாயம் ‘இல்லை’ என்ற பதிலாக வரவில்லை. முடிவு சொல்லாமல் இழுத்தடித்தார்கள், தேவையில்லாத கேள்வி கேட்டார்கள், நன்கொடையாளர் பெயர் கேட்டார்கள். ஒரு தேர்தல் முழுவதும் கடந்து போனது. வரியாக ஒரு சதமும் கூடுதலாக எடுக்காமலே ஒரு சிறிய குழுவைச் சோர்ந்துபோகச் செய்ய முடியும். உங்கள் பொருளாளர் இப்போது விலகுகிறேன் என்கிறாரே, அதேதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த வருடமே உத்தியோகத்தர்களின் கண்காணிப்புப் பட்டியல்கள் வெளியே வந்தன. இடதுசாரிப் பக்கத்துச் சொற்களும் அவற்றில் இருந்தன. 2017இல் அதே கண்காணிப்பாளர் வெளியிட்ட இன்னோர் அறிக்கை, இடதுசாரி அமைப்புகளையும் பெயர் பார்த்துப் பிரித்தார்கள் என்று உறுதி செய்தது. வலதுசாரிக் குழுக்கள்தான் அதிகம் சிக்கின, நீண்ட காலம் காத்திருந்தன. அதை மறுக்க முடியாது. நீதித் திணைக்களம் 2015 ஒக்டோபரில் விசாரணையை முடித்தபோது, நிர்வாகச் சீர்கேடும் மோசமான தீர்மானங்களும் இருந்தன, ஆனால் குற்ற வழக்குப் போடும் அளவுக்கு அரசியல் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றது. இருந்தும் பாதிக்கப்பட்ட அமைப்புகள் போட்ட வழக்கில் 2017 ஒக்டோபரில் வரித் திணைக்களம் இணக்கத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டது. இன்னொரு கூட்டு வழக்கில் 35 இலட்சம் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

மேலிருந்து எவரோ கட்டளையிட்டார் என்பதை அவர்களால் கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் வென்றார்கள். எதை வைத்து? தங்களை நடத்திய விதத்தை வைத்து. செய்த வேலையைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துப் பிரித்தது, காரணமில்லாத தாமதம், சட்டத்துக்குத் தேவைப்படாத கேள்வி, இவை காகிதத்தில் இருந்தன. கேள்வி கேட்ட கடிதங்களை அந்த அமைப்புகள் பத்திரமாக வைத்திருந்தன. உங்களுக்கும் இதுதான் பொருந்தும். எந்த அரசியல்வாதி யாருக்குப் போன் போட்டார் என்று தேடி அலைய வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது, கண்டுபிடித்தேன் என்று ஒருவர் வந்து சொன்னால் நம்பவும் முடியாது.

கனடாவிலும் இது நடந்தது. 2012 வரவு செலவுத் திட்டத்தில் தொண்டு அமைப்புகளின் அரசியல் நடவடிக்கையைக் கணக்காய்வு செய்யவென்றே 80 இலட்சம் டொலர் ஒதுக்கினார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகளும் வறுமைக்கு எதிரான அமைப்புகளும் மாட்டிக்கொண்டன. அவற்றில் வறுமை ஒழிப்பு அமைப்பு ஒன்று, ஏழைக்கு உதவுவது என்றால் சட்டத்தை மாற்றச் சொல்லிப் பேசுவதும் அதில் அடங்கும் என்று வாதாடி 2018 ஜூலையில் ஒன்டாரியோ நீதிமன்றத்தில் வென்றது. அந்த வருட முடிவிலேயே சட்டம் மாறியது. சேமலாப நிதிக்கு அலைந்து திரியும் முதியவருக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தால் அது தொண்டு, அவருடைய காசை அவருக்குக் கொடு என்று கேட்டால் அது அரசியல் என்று பிரிப்பது எனக்கும் புரியாத ஒன்று. அந்தக் கனடாத் தீர்ப்பைப் படித்தபோது நம் தோட்டங்களைத்தான் நினைத்தேன்.

நம் சட்டமோ இன்னும் பழைய இடத்தில் நிற்கிறது. நீங்கள் பதிந்திருப்பது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழாக இருக்கும். ஏழைகள், நோயாளிகள், அநாதைகள், ஊனமுற்றோர், அனர்த்தத்தில் சிக்கியோர், இவர்களுக்கு நிவாரணமும் சேவையும் செய்யும் அமைப்புகளை நினைத்து எழுதப்பட்டது அது. உரிமை கேட்பது பற்றி அதில் பேச்சே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பாரபட்சம் நுழைகிறது. 2014 ஜூலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம், பத்திரிகையாளர் மாநாடு, ஊடகவியலாளர் பயிற்சி, ஊடக அறிக்கை இவையெல்லாம் உங்கள் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டவை, நிறுத்துங்கள் என்று அமைப்புகளுக்கு எழுதியது. அது வரித் திணைக்களத்தின் வேலை அல்ல. ஆனால் பேசும் அமைப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. உங்கள் அமைப்பின் யாப்பை எடுத்துப் பாருங்கள். ‘தொழிலாளர்களின் சட்டபூர்வ உரிமைகள் பற்றி அறிவூட்டுதல், அவற்றைப் பெற உதவுதல்’ என்ற பொருளில் ஒரு நோக்கம் எழுதப்பட்டிருக்கிறதா? இல்லாவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்தில் முறைப்படி சேர்த்துவிடுங்கள்.

வேட்பாளர் கூட்டத்தின் தாள்களையும் இப்போதே ஒன்றுசேர்த்து வையுங்கள். எல்லாக் கட்சிக்கும், சுயேச்சைக் குழுக்களுக்கும் அழைப்பு அனுப்பினீர்களா? பிரதிகள் இருக்கின்றனவா? வராதவர்களுக்கும் அழைப்புப் போனதற்கு ஆதாரம் உண்டா? மண்டப வாடகை, சாப்பாடு எந்தக் கணக்கிலிருந்து போனது? தேர்தல் செலவைக் கட்டுப்படுத்த 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. எல்லோரையும் அழைத்துக் கேள்வி கேட்பது ஒரு வேட்பாளருக்குச் செலவழிப்பது ஆகாது. ஆனால் ஒருவரை மட்டும் மேடையேற்றி அந்தச் செலவு வெளிநாட்டு நிதியிலிருந்து போயிருந்தால் நான் உங்களுக்கு வேறு பதில் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்து, பக்கத்து அமைப்பு. ‘வரவில்லையாம்’ என்கிறீர்கள். அந்த ‘ஆம்’ போதாது. உங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் நேரில் போய்க் கேளுங்கள். அவர்களுக்கும் கடிதம் வந்து, வெளியே சொல்லாமல் வைத்திருக்கலாம். அவர்கள் ஒழுங்காக விவரத்திரட்டு கொடுத்துவந்ததால் கடிதம் தேவைப்படாமல் போயிருக்கலாம். அல்லது அவர்கள் வெறும் சந்தாவில் நடக்கும் சங்கமாக, வெளி நிதியே பெறாதவர்களாக இருக்கலாம். இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் உங்கள் பாரபட்சக் குற்றச்சாட்டு பலவீனப்படும். அவர்களும் உங்களைப் போலவே நிதி பெற்று, உங்களைப் போலவே விவரத்திரட்டு கொடுக்காமல் இருந்து, உங்களுக்கு மட்டும் கடிதம் வந்திருந்தால் அது வலுவானது. சமமானவர்களைச் சமமாக நடத்தவில்லை என்பதுதான் 12(1) உறுப்புரையின் கீழ் நீங்கள் காட்ட வேண்டியது. இன்னொன்று: நாளைக்கு ஆட்சி மாறி அவர்களுக்கு இதே மாதிரிப் போன் வந்தால், நீங்கள் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும். அந்த மனம் இருந்தால்தான் இன்றைக்கு அவர்களிடம் போய்க் கேட்க முடியும்.

மற்றவருடைய வரிக் கோப்பை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. ஆனால் எண்ணிக்கையைக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். ஊவா மாகாணத்தில் கடந்த மூன்று வரிமதிப்பீட்டு ஆண்டுகளில் எத்தனை அரச சார்பற்ற நிறுவனங்களிடம் இப்படிக் கணக்கு கேட்கப்பட்டது, அமைப்புகளைத் தெரிவு செய்ய எந்தச் சுற்றறிக்கை அல்லது வழிகாட்டல் பின்பற்றப்படுகிறது, நன்கொடையாளர் விவரம் கேட்பது எந்த நடைமுறையின் கீழ், இந்த மூன்றே கேள்வி போதும். யாருடைய பெயரையும் கேட்காதீர்கள், அப்போது இரகசியம் என்று தட்டிக்கழிப்பது கஷ்டம். 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ 14 நாளுக்குள் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

விண்ணப்பத்தை அமைப்பின் பெயரிலேயே போடலாம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பிரசைகளாக இருந்தால் அந்த அமைப்பையும் சட்டம் பிரசையாகவே கொள்கிறது. 1948இல் நம் பாட்டன் பூட்டனிடமிருந்து பிரசாவுரிமையைப் பறித்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அது ஒழுங்காகத் தீரவில்லை. இன்று ஒரு தோட்டத்து அமைப்பு பிரசை என்ற தகுதியில் கொழும்பிலுள்ள ஒரு திணைக்களத்திடம் கணக்குக் கேட்க முடிகிறது. தயங்காமல் கேளுங்கள்.

மொழி விஷயத்தையும் விடாதீர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி திணைக்களத்தோடு தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். ஆனால் அது வரும்வரை காலக்கெடு நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இப்போதே படித்து, கெடு போதாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுங்கள். நியாயமான காரணம் சொன்னால் பொதுவாகத் தருகிறார்கள்.

காலக்கெடுவைப் பற்றிச் சொல்லும்போது, மிகவும் அவசரமானது ஒன்று இருக்கிறது. கணக்கைப் பார்த்துவிட்டு அவர்கள் மதிப்பீடு அனுப்பினால், அதில் உடன்பாடு இல்லையென்றால், 30 நாளுக்குள் நிருவாக மீளாய்வு கேட்டு ஆணையாளர் நாயகத்துக்கு எழுத வேண்டும். அங்கும் சரிவரவில்லை என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது. இவை வரித் தொகை பற்றிய சண்டைக்கு. பாரபட்சம் பற்றிய சண்டை உயர் நீதிமன்றத்தில், அடிப்படை உரிமை மீறல் மனுவாக. அதற்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். மீறல் நடந்த நாளிலிருந்து ஒரு மாதம். உங்கள் விஷயத்தில் அந்தப் போன் வந்த நாளிலிருந்து எண்ண வேண்டியிருக்கும், அதாவது ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டின் பற்றுச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்களை நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது. விசாரணை உண்மையிலேயே நடக்கிறது என்று ஆணைக்குழுவிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.

பத்திரிகைக்குப் போவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். திணைக்களத்தின் பதிலும் தகவல் விண்ணப்பத்தின் பதிலும் கையில் வந்த பிறகு பேசினால் எழுதுபவருக்கும் ஆதாரம் கிடைக்கும், உங்களுக்கும் பாதுகாப்பு. இன்றைக்கே பேசினால் மறுநாள் ஒருவர், இவர்கள் வரி கட்டினார்களா என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் சுத்தமான பதில் இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதில் விதிவிலக்கு ஒன்று. யாராவது நேரில் வந்து மிரட்டினாலோ, சேமலாப நிதி வேலையை நிறுத்தச் சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். பொலிஸில் முறைப்பாடு எழுதி, அன்றைக்கே ஊடகத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் பொருளாளர். அவரைக் கோழை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யும் குடும்பமாக இருந்தால், அரசாங்க முத்திரை போட்ட கடிதம் வீட்டுக்குள் வருவது எவ்வளவு பெரிய பயம் என்று நமக்குத் தெரியும். அவர் பெயருக்கு வரும் கடிதங்களுக்கு இனிமேல் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்து கையெழுத்திட்டுப் பதில் அனுப்புவதாகத் தீர்மானம் எடுங்கள். கணக்கைச் சமர்ப்பிக்கப் போகும் நாளில் அவரைத் தனியே அனுப்பாமல் ஒரு கணக்காளரும் நீங்களும் கூடப் போங்கள். அவர் விலகியே தீருவேன் என்றால் இந்த ஐந்து வருடக் கணக்கை ஒப்படைத்துவிட்டு விலகச் சொல்லுங்கள். நடுவில் விலகினால் கைமாறிய பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று காணாமல் போகும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்த உண்மையும் எடுபடாது.

திணைக்களத்தின் கடிதத்தில் கெடு எந்தத் திகதி என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. கெடு இந்த மாதத்துக்குள் என்றால் அவகாசம் கேட்கும் கடிதத்தை நாளைக்கே பதிவுத் தபாலில் போடுங்கள். போன் கேள்வி பற்றிய கடிதத்தைத் தனி உறையில் அனுப்புங்கள், இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டாம்.